லேபிள் இல்லாத பாட்டில்

அத்தியாயம் 17

தட்டு உடைந்த நாளிலிருந்து அத்தானுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று அத்தான் அக்காவிடம் சொல்வார். அக்கா அதைத் தம்பியிடம் சொல்வாள். தம்பி உப்பைத் தள்ளுவான், ஆனால் மேஜையைப் பார்த்தபடிதான் தள்ளுவான். நாலு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் ஊமை என்றால் நடுவில் இருப்பவள் பாடு என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

"அம்மாவை எங்க தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் பறந்துடலாம்னு பாக்கறியா?" என்று அத்தான் கேட்டதுதான் வினை. ஏசி மெக்கானிக்கான அவர் சாதாரணமாக வாயே திறக்காத ஆள். அக்கா அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பேர் வைத்தது கல்யாணமான முதல் வாரமே. அப்படிப்பட்டவர் திருவாய் மலர்ந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காக என்றால் தம்பிக்கு எப்படி இருக்கும்? கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்டான். அது இரண்டாகப் போனது.

பறக்கத்தான் போகிறான், பொய் இல்லை. அவன் மனைவி ஒரு குளிர்நாட்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். மகள் வாண்டும் அவளோடுதான். லிஃப்ட் மெக்கானிக்கான இவனுக்கு மட்டும் விசா இழுத்தடித்தது. முதல் தடவை மறுத்தே விட்டார்கள். இரண்டாம் தடவைதான் கிடைத்தது. "இனிமே உங்க பேர்ல சின்னதா ஒரு புகார் வந்தாகூட அவ்வளவுதான். மூணாவது தடவை கதவையே திறக்க மாட்டாங்க" என்று ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாண்டு அப்பாவைத் தொட்டுப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. போனில் முத்தம் கொடுத்துக் கொடுத்து அவள் அம்மாவின் போன் திரையே மங்கிப்போய்விட்டதாம்.

இன்றைக்கு அவன் கிளம்பும் நாள்.

காலையில் அம்மா வாசல் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். விமான நிலையத்துக்கு வரவில்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

"கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும்டா. நீ போயிட்டு வா."

"மகன் போறான், தெரு வரைக்குமாவது இறங்கி வாயேன்மா" என்றான் தம்பி.

"இங்கேர்ந்தே தெரியுது. போ."

அவனுக்கு முகம் சுருங்கியது. அம்மாவுக்குக் கோபம் என்றே நினைத்துக்கொண்டான். குனிந்து அவள் காலைத் தொட்டபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். லிஃப்ட் குழிக்குள் வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து அவனுக்கு இடுப்பு போய்விட்டது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏனோ கொஞ்சம் நிம்மதியாகச் சிரித்தாள்.

அத்தான் அதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை.

"பாத்தியா உன் புருஷனை" என்று டாக்ஸியில் ஏறியதும் தம்பி ஆரம்பித்தான்.

"டேய், நான் பாத்துட்டேதான் இருக்கேன் பன்னெண்டு வருஷமா. வாயை மூடிட்டு வா" என்றாள் அக்கா.

---

அத்தான் வேலைக்குத்தான் போனார். ஆனால் வழியில் மூலிகைக் கடையில் வேனை நிறுத்தினார்.

அந்தக் கடையில் சத்து மாத்திரை, காய்ந்த வேர், பொடி எல்லாம் வெளியில் அடுக்கியிருக்கும். சிலதை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். சட்டம் கண் வைத்திருக்கும் சரக்கு அது. வயதுச் சான்று காட்ட வேண்டும், மாதத்துக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் தரமாட்டார்கள். அத்தான் வாங்குவது அந்த அலமாரியில் இருந்த ஓர் இலைச்சாறு மாத்திரை. மூட்டு வலிக்கு நன்றாகக் கேட்கும். இலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே வாங்கக் கிளம்பிவிடுவீர்கள்.

"ஒரு பாட்டில்" என்றார் அத்தான்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். "போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"பாதி தீந்துடுச்சு."

"ஒரு வாரத்துல பாதியா? அளவுக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"சாப்பிடல. பாதியைப் பிரிச்சு மச்சான் பெட்டியில வச்சாச்சு. அவன் வெளிநாடு போறான்."

கடைக்காரம்மா பூட்டில் வைத்த சாவியை அப்படியே எடுத்துவிட்டாள்.

"எந்த நாடு?"

சொன்னார்.

"நேரா போறாரா, நடுவுல மாறிப் போறாரா?"

அதையும் சொன்னார். அவள் முகம் போன போக்கே சரியில்லை.

"ஐயா, இது இங்க மருந்து. அவர் போய் இறங்குற நாட்டுல அனுமதிச் சீட்டு இல்லாம கொண்டு போகக் கூடாது. நடுவுல மாறுறாரே, அந்த நாட்டுல இது போதைப்பொருள். ஒத்த மாத்திரை இருந்தாலும் உள்ள வச்சுடுவாங்க. லேபிளோடவாவது வச்சிருக்கீங்களா?"



லேபிள் எங்கே இருக்கும்? அம்மாவின் பழக்கம் ஊரறிந்த விஷயம். கடையிலிருந்து எது வந்தாலும் பழைய ஜாம் பாட்டிலில் மாற்றிவிடுவாள். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிடுவாள். "கடைச் சாமான் கடை மாதிரியே இருந்தா அப்புறம் இது என்ன வீடு?" என்பது அவள் கட்சி. ஒருமுறை அத்தான் சோப்புத்தூளைச் சர்க்கரை என்று டீயில் போட்டுக் குடித்ததும், குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் குடும்பச் சரித்திரம்.

"ஜாம் பாட்டில்ல இருக்கு" என்றார் அத்தான்.

"கடவுளே! பேரு இல்லாத பாட்டிலைப் பாத்தா அவங்க என்னன்னு நினைப்பாங்க?" கடைக்காரம்மா மேஜைக்கடியில் துழாவி, அதே மாத்திரையின் காலி அட்டைப்பெட்டி ஒன்றையும், கூடவே வரும் பரிசோதனைக்கூடச் சான்றையும் எடுத்து அவர் கையில் திணித்தாள். "ஓடுங்க. பெட்டியை ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஏத்திட்டாங்கன்னா மறைக்காதீங்க, நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நீங்களா சொன்னா மறதி. அவங்களா எடுத்தா கடத்தல்."

அத்தான் வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. டாக்ஸியில் வாண்டோடு பேசிப் பேசி அக்காவின் போன் சார்ஜ் தீர்ந்து அவள் கைப்பையில் செத்துக் கிடந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர். அத்தான் வேனில் ஏறி உட்கார்ந்து அந்த நம்பரைப் பார்த்தார். நல்லது செய்யப் போய் இப்படி ஆனதே என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு அழுத்தினார்.

---

விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. தம்பியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். 'அத்தான்' என்று இருந்தது. வெட்டினான்.

மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் வெட்டினான்.

"யாருடா?"

"உன் வீட்டுக்காரர். வீட்ல திட்டினது பத்தலையாம்."

"எடுத்துப் பேசேன்டா. வழியனுப்பத்தான் கூப்பிடுவார்."

"வழியனுப்பறவர் நேர்ல நின்னு அனுப்பியிருக்கணும். நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல எனக்கு எதுக்குக்கா இது?"

"என்கிட்டயாவது குடு."

"குடுத்தா நீ அழுவே. அப்புறம் நானும் அழுவேன். வேண்டாம்."

இன்னொரு முறை அதிர்ந்ததும் தம்பி போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டான். விமானத்தின் வாலைக்கூட இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் ஐயா பறக்க ஆரம்பித்துவிட்டார். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

கவுன்ட்டர் பெண் சிரித்த முகமாக இருந்தாள். பெட்டியை எடை போட்டாள். சரியாக இருந்தது.

"பெட்டியை நீங்களேதானே அடுக்கினீங்க?"

"ஆமாம்மா."

"யாராவது எதாவது குடுத்தனுப்பினாங்களா? மருந்து, பொடி, மூலிகை அந்த மாதிரி?"

"எதுவும் இல்ல. எல்லாம் நான் அடுக்கினதுதான்."

அவன் மனசறிந்து சொன்ன பொய் இல்லை அது. பெட்டி மெல்ல நகர்ந்து ரப்பர் திரைக்குள் போயிற்று. அக்கா பெருமூச்சு விட்டாள். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மெழுகில் ஒரு பல் கொஞ்சம் பிசகினாலும் முழு செட்டும் போச்சு என்பது அவள் தொழிலில் தினப்பாடம். அதனால் எந்தக் காரியமும் முழுசாக முடியும் வரை அவளுக்கு மூச்சு சீராக வராது.

"அப்பாடா. இனிமே ஒண்ணும் இல்ல" என்றாள்.

வாயில் வந்த வார்த்தை காற்றில் காய்வதற்குள், "டேய்!" என்று ஒரு சத்தம் கேட்டது.

---

அத்தான் வந்த கதை தனிக்கதை. வேனின் கூரையில் ஏணி கட்டியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் உயரமான வண்டிகளைத் தடுக்க ஒரு குறுக்குக் கம்பி. ஏணியோடு உள்ளே போக முடியாது. அத்தான் ஏணியை அவிழ்த்தார். "இங்க எதையும் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது சார்" என்றான் காவலாளி. "தனியா எங்க? நீங்க இருக்கீங்களே" என்று ஏணியை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியோடு உள்ளே போய்விட்டார். இவ்வளவு பேசுவார் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அழுக்குப் பிடித்த வேலைச் சட்டையோடு, கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு, மூச்சு இரைக்க அவர் ஓடி வந்ததைப் பார்த்து கூட்டம் வழிவிட்டது.

"பெட்டி எங்கடா?"

"போயிடுச்சு" என்றான் தம்பி. மூன்று வாரத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

அத்தான் தலையில் கை வைத்தார். பிறகு மூச்சை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பெட்டியின் அடியில், கறுப்பு சாக்ஸுக்குள், ஒரு சின்ன ஜாம் பாட்டில். அதில் மாத்திரை. நடுவில் மாறும் நாட்டில் அது போதைப்பொருள்.

தம்பி அத்தானை முறைத்தான்.

"நீங்க வச்சீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"நீதான் பேசலையே."

"நான் பேசலையா? நீங்கதானே பேசல!"

"ரெண்டு பேரும் பேசல, சரியா? இப்பப் பேசுங்க" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

தம்பி ரப்பர் திரையைப் பார்த்தான். பெட்டி போய்விட்டது. கையில் போர்டிங் பாஸ் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. அவன் மனசு ஒரு கணக்குப் போட்டது.

"இங்க ஸ்கேன்ல ஒண்ணும் சொல்லல. அங்கயும் சொல்ல மாட்டாங்க" என்றான் மெதுவாக. "போய்ச் சொன்னா என்னை நிறுத்திடுவாங்க அத்தான். இந்த விமானம் போச்சுன்னா... திரும்ப யாரு விசா குடுப்பா?"

அத்தான் கையில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். தான் செய்த வினைக்கு இவன் தண்டனை வாங்கப் போகிறானே என்று அவருக்கு உள்ளுக்குள் வெந்தது.

"சொல்லாமப் போய் அங்க மாட்டினா?" என்றாள் அக்கா. "வாண்டு அங்க வாசல்ல நிப்பாடா. நீ வெளிய வரவே மாட்டே. இங்க நின்னா வீட்டுக்காவது வருவே. அங்க நின்னா?"

தம்பி கண்ணை மூடித் திறந்தான். பிறகு நேராகக் கவுன்ட்டருக்குப் போனான். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது தப்பு. என் பெட்டியில எனக்குத் தெரியாம ஒரு மருந்து இருக்கு. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

கவுன்ட்டர் பெண்ணின் சிரிப்பு நின்றது. போனை எடுத்தாள்.

---

அந்த அறையில் ஓர் இரும்பு மேஜையும் நாலு நாற்காலியும் இருந்தன. பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. அதிகாரிக்கு நடு வயது. கையுறை போட்டுக்கொண்டு கறுப்பு சாக்ஸுக்குள் விரல் விட்டு அந்தச் சின்ன பாட்டிலை வெளியே எடுத்தார். வாண்டுக்கு வாங்கிய மழைக்கோட்டு அதன் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது. பெயர் இல்லாத அந்த பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தபோது அக்காவுக்கே பயமாகத்தான் இருந்தது. என்னவோ விஷம் மாதிரி இருந்தது.

"என்ன இது?"

"மூலிகை மாத்திரை சார். மூட்டு வலிக்கு" என்றார் அத்தான்.

"லேபிள் எங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா கிழிச்சிடுவாங்க சார்" என்றான் தம்பி.

"எதுக்கு?"

"எல்லாத்தையும் கிழிச்சிடுவாங்க சார்."

அதிகாரி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். "என் வீட்ல மிளகாய்த்தூள் ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அத்தான் அட்டைப்பெட்டியையும் சான்றையும் மேஜைமேல் வைத்தார். அதிகாரி ஒரு மாத்திரையை எடுத்து, அதன்மேல் அச்சடித்திருந்த குறியையும் பெட்டியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்குப் போன் செய்து பேசினார். அவர் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க தம்பி நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

போனை வைத்துவிட்டு அவர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"இதை யார் உபயோகத்துக்கு வாங்கறீங்க? உங்களுக்கா?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. கடையில வேற பேர் சொன்னாங்க."

"அத்தைக்கு" என்றார் அத்தான். "என் மாமியாருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பியும்தான்.

"அம்மாவுக்கா?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு. நாலு மாசமா வலி. டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். மாத்திரையும் அவரைக் கேட்டுத்தான். உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆபரேஷன் பண்ணினா நல்லா நடப்பாங்கன்னு சொல்லிட்டார்." அத்தான் தம்பியைக் காட்டினார். "இவன் ஏறிப் போற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா போக மாட்டானாம். நேத்து இவன் இடுப்பைப் பிடிக்கறதைப் பாத்துட்டு, 'அவனுக்கும் என் இடுப்புதான் மாப்பிள்ளை, குளிர்ல வலி கூடும், பாதியை அவன் பெட்டியில வச்சுடுங்க, போய் இறங்கினதும் நான் போன்ல சொல்லிக்கறேன்'னாங்க. வச்சேன்."

நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு நின்ற அம்மாவைத் தம்பி நினைத்துக்கொண்டான். படி இறங்க முடியாமல்தான் அங்கேயே நின்றாள். அவன் கோபம் என்று நினைத்தான்.

"அப்ப அன்னிக்கு... அம்மாவைத் தலையில கட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே?"

"ஆபரேஷன் முடியற வரைக்கும் இருடான்னு சொல்லணும்னு நினைச்சேன். ஏன்னு கேட்டா சொல்ல முடியாது. வாயைத் திறந்தா அது அப்படி வந்துடுச்சு. எனக்கு எங்கடா பேசத் தெரியும்?"

தம்பியால் தாங்க முடியவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அத்தானின் அழுக்குச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டான். அத்தானுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டைப்பெட்டியாலேயே அவன் முதுகைத் தட்டினார்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"சரி, கேளுங்க. இங்க இது தப்பில்ல. லேபிளோட, அளவோட, உரியவங்க வச்சுக்கலாம். அதனால இதை இவரே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஆனா நடுவுல பெட்டி உங்க கைக்கே வராதுன்னாலும் டேக்ல இருக்கறது உங்க பேரு. அங்க நாய் மோப்பம் பிடிச்சிருந்தா இந்தக் கதையை நீங்க யார்கிட்டயும் சொல்லியிருக்க முடியாது. நீங்களா வந்து சொன்னீங்க. அதனால உங்க பேர்ல நான் ஒண்ணும் எழுதல. பெட்டியைப் பூட்டுங்க. போங்க."

"போகலாமா சார்? இந்த விமானத்துக்கேவா?"

"ஓடினா பிடிக்கலாம்."

அக்கா நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

ஆனால் தம்பி நகரவில்லை. "அம்மாவுக்கு ஆபரேஷன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக்கா போறது?"

அவனுக்குப் பதில் சொன்னது அக்கா இல்லை.

"போடா" என்றார் அத்தான். "வாண்டு காத்துட்டிருக்கா. உங்கம்மா எனக்கும் அம்மாதான். என் தலையில கட்டிட்டே போ. என் தலை தாங்கும்."

---

தம்பி ஓடினான். பாதுகாப்பு வாசலைத் தாண்டும்போது திரும்பி இரண்டு கையையும் ஆட்டினான். இடுப்பை மறந்துவிட்டான் போலிருக்கிறது, அப்படி ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து அத்தானின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உக்காந்துட்டேன் அத்தான். ஜன்னலோர சீட்டு.' அத்தான் அதைப் படித்தார். பிறகு அக்காவிடம் காட்டினார். பிறகு வாங்கி மறுபடியும் படித்தார்.

வாசலில் காவலாளி ஏணியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான். "கீழ வச்சா கேட்பாரில்லாத பொருள்னு என் மேலயே எழுதுவாங்க சார்" என்று அழாக்குறையாகச் சொன்னான். அத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

வேன் கொஞ்ச தூரம் போனதும் அக்கா ஆரம்பித்தாள்.

"நாலு மாசம். பக்கத்துல படுத்துக்கிட்டு நாலு மாசம் என்கிட்ட சொல்லல."

"சத்தியம்."

"நான் யாரு? பெத்த பொண்ணு இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டாமா?"

அன்றைக்கு அத்தான் பேச வேண்டிய பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அக்காவுக்குக் கோபம்தான். ஆனால் இந்த மனுஷன் வேலை நேரத்தில் நழுவிப் போய் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார் என்று நினைக்க நினைக்க அந்தக் கோபம் நிற்க மாட்டேன் என்றது. சிக்னலில் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதில் புது டீத்தூள் டப்பா ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. லேபிள் ஓரத்தில் கிளம்ப ஆரம்பித்திருந்தது.

"போயிட்டானா?"

"போயிட்டான்மா."

அத்தான் சட்டைப்பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"ஜெயிலுக்கே அனுப்பப் பாத்தியேம்மா உன் பிள்ளையை" என்று அக்கா நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அம்மாவின் கை வாய்க்குப் போயிற்று. சொல்லி முடித்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"நல்லபடியா ஏறிட்டானா?"

"ஜன்னலோர சீட்டாம் அத்தை" என்றார் அத்தான்.

அம்மா ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா தன் கைப்பையிலிருந்த வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டை வெட்டி பாட்டிலில் ஒட்டினாள். வேலைக்கூடத்தில் ஒவ்வொரு பல் செட்டின் அச்சிலும் நோயாளியின் பெயரை அவள் அப்படித்தான் ஒட்டுவாள். மாத்திரையின் பெயரையும், அதன் கீழே 'அம்மா, இடுப்பு வலிக்கு' என்றும் பெரிய எழுத்தில் எழுதினாள். அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். அம்மா தடுக்கவில்லை. தண்ணீரிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுத்து, கிளம்பிய லேபிளை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள்.

"ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி சொல்றேன்னு சொன்னாராமே. எப்பம்மா சொல்லுவார்?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா லேபிளை இன்னும் அழுத்தினாள். அது வழுக்கி வழுக்கி விலகியது.

"சொல்லிட்டார்" என்றாள்.

"சொல்லிட்டாரா?" அத்தான் நிமிர்ந்தார். "போன தடவை டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்து, தேதி அடுத்த மாசம்தான் சொல்வார்னு சொன்னீங்களே அத்தை!"

"நீங்க வாசல்ல நின்னீங்க மாப்பிள்ளை. உள்ள சொன்னது எனக்குத்தான் தெரியும்." அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக் காலையில ஆஸ்பத்திரியில வந்து படுக்கச் சொன்னார். அவன் போய் இறங்கினதும் நான் படுத்திருந்தா அடுத்த விமானத்துலயே திரும்பி வந்துடுவான். வரமாட்டேன்னு நான் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."